கூலி வேண்டாம் சார்

இரும்புலியூரில் தன் வீட்டு முன்னால் இருந்த புல்தரையைப் பூவராகன் பெற்ற பிள்ளையைவிடக் கண்ணும் கருத்துமாக வளர்த்தார். புல்லைத் தவிர வேறொரு இலை அதில் தலைகாட்டினால் அவருக்குச் சோறு இறங்காது. சனிக்கிழமைதோறும் கூலியாள் பொன்னி வந்து களை பிடுங்கியும் தீரவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம், புல்லை விட்டுவிட்டுக் களையை மட்டும் கொல்லும் மருந்தை வாங்கி வந்து, யாரிடமும் சொல்லாமல் தெளித்துவிட்டார்.

மறுநாள் காலை அவர் எழுந்து வருவதற்குள் பொன்னி வழக்கம்போல ஒரு சாக்கு நிறையக் களை பிடுங்கிக் கட்டியிருந்தாள்.

"அடுத்த வாரத்துலேர்ந்து நீ வர வேணாம்மா," என்றார்.

பொன்னியின் முகம் வாடிவிட்டது. "இன்னா சார் இப்டி சொல்ற? கூலிகூட வேணாம் சார். சும்மாவே புடுங்கித் தரேன்."

தன்மேல் அவளுக்கு இருந்த விசுவாசத்தை நினைத்துப் பூவராகன் உருகிப்போனார்.

மத்தியானம் மனைவி ஜெயப்ரியா ஆவி பறக்க மூக்கிரட்டைக் கீரை சூப் கொண்டுவந்தாள்.

"இன்னிக்குக் காலையிலதான் குரோம்பேட்டை ஆர்கானிக் கடையில வாங்கினேன். கிட்னிக்கு ரொம்ப நல்லதாம்."

"பிரமாதம். இன்னும் கொஞ்சம் ஊத்து."

ஊற்றிக்கொண்டே ஜெயப்ரியா சொன்னாள்: "அந்தக் கடைக்கு யார் கீரை போடுறாங்க தெரியுமா? நம்ம பொன்னிதான். நான் நிக்கும்போதே சாக்கைக் கொண்டுவந்து எறக்கினா. மருந்தே அடிக்காத எடத்துல, வாராவாரம் தன் கையாலயே பறிக்கிறாளாம்."

அதற்குள் பூவராகன் இரண்டாவது டம்ளரையும் குடித்து முடித்திருந்தார்.