கழுவாத வாய்

பேட்டரிகளில் ஆசிட் ஊற்றிச் சார்ஜ் ஏற்றும் அறையில் வேலை பார்த்துப் பார்த்து, ஸ்டெல்லாராணியின் முன்பற்கள் கண்ணாடிபோல் மெலிந்துவிட்டன. புகையை வெளியே தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று சுவரில் இருக்கிறது. அது ஓடாததால் அதற்குள் புறா கூடு கட்டியிருக்கிறது.

கம்பெனி காலண்டருக்குப் போட்டோ எடுக்கும் அன்று, வேலைக்குப் போகுமுன் குழாயடியில் பல் தேய்த்தாள். நுரையைத் துப்பினாள். வாய் கொப்பளிக்காமல் நிமிர்ந்தாள்.

“வாயக் கழுவும்மா, பாக்கச் சகிக்கல,” என்றார் சூப்பர்வைசர் தணிகாசலம்.

“கழுவக் கூடாது சார். பேஸ்டுல இருக்கிற ஃப்ளோரைடு பல்லு மேல தங்கினாத்தான் ஆசிட்டுக்குக் கொஞ்சமாவது தாக்குப்பிடிக்குமாம். பல் டாக்டர் சொன்னாரு.”

“அப்ப வாய மூடிக்கிட்டுச் சிரி. போன வருஷம் எல்லாரும் அப்படித்தானே நின்னீங்க?”

ஸ்டெல்லாராணி பேஸ்ட் டியூபைப் போட்டோவுக்கு வரிசையில் நின்ற பெண்களில் முதலாமவளிடம் நீட்டினாள். அவள் விரலில் பிதுக்கித் தேய்த்தாள், துப்பினாள், கழுவாமல் அடுத்தவளிடம் கொடுத்தாள். வரிசையின் கடைசிக்குப் போனபோது டியூப் தட்டையாகிவிட்டிருந்தது.

அந்த ஃபேன் இருந்த சுவரின் முன்னால் நின்ற அவர்கள் நடுவில் முதலாளி வந்து நின்றார். “சிரிங்க,” என்றார் போட்டோக்காரர்.

பெண்கள் ஈறு தெரியச் சிரித்தார்கள். அரித்துப்போன பற்கள், அவற்றின்மேல் வெள்ளைப் பூச்சு. போட்டோக்காரர் கேமராவை இறக்கிவிட்டு முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார்.

“எடுங்கண்ணே,” என்றாள் ஸ்டெல்லாராணி. “பின்னால அந்தப் புறாக்கூடும் விழற மாதிரி எடுங்க.”