பக்கத்து அறையில் யாருமில்லை

மூன்று நாளுக்கு முன் நான் காசநோய்ச் சோதனை ஊசி போட்ட இடம், குழந்தையின் முன்கையில் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தடித்திருந்தது.

அளவுகோலை வைத்துப் பார்த்தேன். பதினாறு மில்லிமீட்டர்.

"காசநோய்க் கிருமி உள்ள போயிருக்கும்மா. இப்போதைக்குத் தூங்குது. மாத்திரையில அடக்கிடலாம்."

குழந்தையின் அம்மா துணிக் கம்பெனியில் தைப்பவள். அவளுடைய எக்ஸ்ரே, சளி இரண்டும் சுத்தம். அவர்கள் குடியிருந்த அந்த ஒற்றை அறையில் வேறு ஆள் கிடையாது.

பெரியவர்களுக்குள் இந்தக் கிருமி முப்பது வருடம்கூடச் சும்மா கிடக்கும். யாரிடம் வாங்கினோம் என்றே மறந்து போயிருக்கும். நான்கு வயதுக் குழந்தை விஷயம் அப்படியில்லை. மூச்சு படும் தூரத்தில் யாரோ இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

"இங்க யாரு வந்து போவாங்க?"

"ஈ காக்கா வராது சிஸ்டர். காலையில இவள உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனா, சாயங்காலம் நான் வந்துதான் திறக்கணும்." தலையைக் குனிந்துகொண்டாள். "வேற வழியில்ல."

குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டேன். நாள் முழுக்க யாருடன் விளையாடுவாள் என்று கேட்டேன்.

அவள் பலகைச் சுவரைக் காட்டினாள். "அக்கா கதை சொல்லும்."

"அது தானாப் பேசிக்கும் சிஸ்டர். அந்தப் பக்கம் யாருமில்ல. ரூம் பூட்டியே கிடக்கு."

குழந்தை இறங்கிப் போனாள். இரண்டு பலகைகளுக்கு நடுவே இருந்த இடுக்கில் வாயை வைத்தாள்.

"அக்கா, நேத்துக் கதை பாதியில நிக்குது."

உச்சி வெயிலில் தகரக் கூரை மட்டும் படபடத்தது.

நான் குனிந்து அந்த இடுக்கில் காதை வைத்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு என் கன்னத்தில் இளஞ்சூடாகக் காற்று பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

மூச்சு.

என் முகத்தைப் பார்த்த அம்மா, குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விட்டாள்.

வெளியே வந்தேன். பக்கத்துக் கதவில் பூட்டு தொங்கியது. ஆனால் அதில் துரு இல்லை. கதவின் அடி இடைவெளியில், சாப்பிட்டுத் தள்ளிய தட்டு ஒன்று ஈரம் காயாமல் கிடந்தது.

தட்டினேன். உள்ளே யாரோ வாயில் துணியை அடைத்து இருமலை விழுங்கினார்கள்.

"யாரும்மா உள்ள? யாரு உன்னைப் பூட்டி வச்சது? இரு, ஆள் கூப்பிட்டுப் பூட்டை உடைக்கிறேன்."

"உடைக்காதீங்க சிஸ்டர்." இளம்பெண்ணின் குரல், கதவை ஒட்டி வந்தது. "நான்தான் பூட்டச் சொன்னேன். கீழ் வீட்டுல என் பொண்ணு இருக்கா. அவளுக்கும் நாலு வயசுதான். அவளுக்கு ஒட்டிடக் கூடாது."

மூச்சு வாங்க நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இந்தப் பாப்பா தனியா அழுதுச்சு. மனசு கேக்கல. நடுவுல சுவர் இருக்கேங்கிற தைரியத்துலதான் கிட்ட வந்து கதை சொன்னேன்."