வெறுங்காட்டில் ஒரு சிவப்புச் சட்டை

கைகளை விரித்துக்கொண்டு நின்றவனின் சட்டைப் பட்டன்களைக் காசிநாதன் ஒவ்வொன்றாகக் கழற்றினார். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டையை உருவியதும் தலை மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தலையை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பானைத் தலையும் வைக்கோல் உடம்புமாக நின்ற சோளக்காட்டுப் பொம்மையிடம் திருடுவதற்கே மனுஷனுக்கு வேர்த்துக்கொட்டியது. முப்பது வருஷமாக சினிமாவில் காஸ்ட்யூமர். அடுத்தவர் ஊக்கைக்கூட எடுத்துப் பழக்கமில்லை.

"சோளம் அறுத்து பத்து நாளாவுது. வெறுங்காட்டுல இதுக்கு இன்னா வேலை?" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் படப்பிடிப்பு. கதாநாயகனுக்குக் கூலிக்காரன் வேஷம். டீத்தண்ணியில் ஊறவைத்து, கல்லில் தேய்த்து, காசிநாதன் தயார் செய்திருந்த ஐந்து சட்டைகளையும் டைரக்டர் முகத்துக்கு நேராகத் தள்ளிவிட்டார்.

"அழுக்கா இருக்கு காசிண்ணே. ஆனா உழைச்ச சட்டையா இல்லையே! காலையில சரியான சட்டை வரலேன்னா நீங்க சின்னசேலத்துல ரயில் ஏறிடுங்க."

அந்த நேரத்தில்தான் வேன் ஜன்னல் வழியாக இந்தச் சிவப்புச் சட்டை அரை மைல் தூரத்திலிருந்தே கண்ணைப் பறித்தது. தோள்பட்டை வெயிலில் வெளுத்து, கக்கத்தில் மட்டும் பழைய நிறம் தங்கியிருந்தது. எந்தச் சாயக்காரனாலும் செய்ய முடியாத வேலை.

பையை இடுக்கிக்கொண்டு திரும்பும்போது சாலையோர டீக்கடையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பார்த்துவிட்டார்களோ என்று நடையை எட்டிப்போட்டார். ஆனால் தொழில் புத்தி சும்மா இருக்குமா? லுங்கியில் கடையில் வாங்கிய மடிப்புகூடக் கலையவில்லை, கணுக்காலில் சாக்ஸ் தடம். 'வேஷம் கட்டத் தெரியலை, நம்மகிட்ட கேட்டிருக்கலாம்' என்று நினைத்துச் சிரித்தபடி நடந்துவிட்டார்.

மறுநாள் காலையிலேயே சட்டை வேலையைக் காட்டியது. அதுவரை நெஞ்சை நிமிர்த்தி அலட்டிக்கொண்டிருந்த கதாநாயகன், அதைப் போட்டதும் தோளை லேசாகத் தொங்கவிட்டான். வரப்பில் கால் பார்த்து நடந்தான்.

டைரக்டர் ஓடிவந்து காசிநாதனைக் கட்டிப்பிடித்தார். "இனிமே இவனுக்கு வசனமே வேணாம்ணே. சட்டையே பேசிடுது!"

பாராட்டு காசிநாதனுக்கு உள்ளே இறங்கவில்லை. அன்றும் மறுநாளும், வேனில் போகும்போதெல்லாம் சட்டையில்லாமல் கைவிரித்து நின்ற பொம்மை அவரையே பார்ப்பதுபோல் இருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை காட்டோரக் குடிசை வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"யாரு அந்தம்மா?" என்று டீக்கடைக்காரரிடம் கேட்டார்.

"இருசம்மா. அந்தச் சோளக்காட்ட குத்தகைக்கு ஓட்டிக்கினு இருக்குது, பாவம்."

காசிநாதன் கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஒரு பழைய சட்டைக்காகப் போலீஸ் வரைக்கும் போயிருக்கிறாள் என்றால், அந்த வீட்டில் அது எப்பேர்ப்பட்ட சொத்தாக இருந்திருக்கும்! தான் ஒரு ஈனப்பயல் என்று தோன்றியது.

நேராகப் போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தார். இன்னும் பதினேழு சீன் இதே சட்டையில் பாக்கி. வேலை போனாலும் போகட்டும் என்று குடிசைக்கு நடந்தார்.

ஜீப் போய்விட்டிருந்தது. இருசம்மாள் வாசலில் குந்தியிருந்தாள்.

"அம்மா, என்னை மன்னிச்சிடு. பொம்மைச் சட்டையை நான்தான் எடுத்தேன். சினிமாவுக்காக எடுத்துட்டேன். இந்தா, கூட ரெண்டு புதுச் சட்டையும் வாங்கித் தரேன். கேஸ் மட்டும் வேணாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் சட்டையை வாங்கி மடியில் வைத்து, சுருக்கத்தைக் கையால் நீவினாள்.

"நீங்களா எடுத்தீங்க?"

"நான்தாம்மா. அறுத்த காட்டுல சும்மாதானே நிக்குதுன்னு நெனச்சிட்டேன்."

"நான் இன்னாத்துக்குங்க கேஸ் குடுக்கப் போறேன்? இது எங்க வூட்டுக்காரரு சட்ட. வரப்புத் தகராறுல பண்ணைக்காரரு அவரு மேல பொய்க் கேசு குடுத்துட்டாரு. ரெண்டு மாசமா மல மேலதான் ஒளிஞ்சிக்கினு இருந்தாரு. அவரப் புடிக்கறதுக்குன்னு ரெண்டு போலீசு லுங்கி கட்டிக்கினு டீக்கடையிலயே குந்திக்கினு இருந்தாங்க."

காசிநாதனுக்கு அந்தக் கலையாத மடிப்பு ஞாபகம் வந்தது.

"மல மேல இருந்து பாத்தா எங்க காடு நல்லாத் தெரியும்ங்க. போலீசு இருக்கிற வரிக்கும் பொம்ம மேல சட்ட இருக்கும். அவங்க கெளம்பிப் பூட்டா நான் கழட்டிடுவேன். அதான் எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு. மூணு நாளா நான் அறுப்பு வேலைக்கு வெளியூரு போயிருந்தேங்க, சட்ட காணாம போனதே தெரியல."

இருசம்மாள் மலையைப் பார்த்தாள்.

"நேத்து ராத்திரி எறங்கி வந்துட்டாருங்க."