சிவப்பு ஓவியம், பச்சை சிற்பம்

மூக்கண்டப்பள்ளி ஓவியப் பள்ளியின் நூலகத்தில் புத்தகங்களை எண் போட்டே அடுக்கலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நூலகர் ராஜசேகர்தான் கேட்கவில்லை.

"அடுக்கி வைக்கிற நாராயணம்மாவுக்கு எழுத்துக் கூட்டக்கூடத் தெரியாது. ஓவியத்துக்குச் சிவப்பு ஸ்டிக்கர், சிற்பத்துக்குப் பச்சை. தீர்ந்தது!" என்று இரண்டு நாள் தானே உட்கார்ந்து ஒட்டினார்.

மறுவாரமே, அலமாரியில் கலரெல்லாம் கலந்து கிடப்பதாக மாணவர்கள் புகார் சொன்னார்கள்.

"கலர்கூடவா தெரியாது உனக்கு?" என்று நாராயணம்மாவிடம் கத்தினார்.

"வொயர் கம்பெனில பத்து வருசம் கலர் பிரிச்சவ சார் நானு. ஸ்டிக்கருதான் மாத்தி மாத்தி ஒட்டியிருக்குது. அதான் புக்கு பேரைப் படிச்சு அடுக்கினேன்."

ராஜசேகரின் முகம் சுண்டிப்போனது. இழுப்பறையிலிருந்து இரண்டு ஸ்டிக்கர் ரோல்களையும் எடுத்தார். யாரும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டு, மெல்லக் கேட்டார்.

"இதுல பச்சை எதுங்கம்மா?"