நடுரோட்டில் இராமையா

"அங்கிள், ஓரமா போ லா! ரோடு என்ன உங்கப்பன் வூட்டுதா?"

கோஸ் ஏற்றி வந்த லாரி இராமையாவின் முழங்கையை உரசாத குறையாகக் கடந்தது. சைக்கிள் தானாகவே சாக்கடையில் இறங்கிக்கொண்டது, பழக்கம். அதற்கு மேலும் ஓரமாகப் போக வேண்டுமென்றால் மலையைத்தான் குடைய வேண்டும்.

"கோசு வாடிடுமாம். எம் பொண்டாட்டி வாடலாமாம்" என்று முனகியபடி சைக்கிளைத் தூக்கி ரோட்டில் வைத்தார்.

ரஞ்சிதம் காலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்தபடி தேயிலை நிரையிலேயே சாய்ந்துவிட்டாள். எஸ்டேட் வேன் அவளைத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. இராமையா அப்போது மேல் மலையில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். அங்கே கைப்பேசி வெறும் டப்பா. இறங்கி வந்த பிறகுதான் பக்கத்து வீட்டு வேலம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"ஈப்போ பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பப் போறாங்களாம்ணே. அங்கேருந்து வண்டி வரணுமாம். அதுக்குள்ள போயிப் பாத்துருங்க."

"பாத்துருங்கன்னா?"

வேலம்மா சைக்கிளை உருட்டி வந்து அவர் கையில் கொடுத்தாள்.

பள்ளி விடுமுறைக் காலம். பிரிஞ்சாங் டவுன் நெரிசலில் நின்று நின்று வந்த சுற்றுலாக்காரர்கள், அந்தக் கோபத்தையெல்லாம் அதற்கப்புறம் கிடைக்கிற முதல் சைக்கிளில்தான் தீர்ப்பார்கள். அந்த முதல் சைக்கிள் பெரும்பாலும் இராமையாவுடையதாகவே இருக்கும். கிரக நிலை.

இந்த ரோட்டில் உயிரோடு இருக்க அவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். திட்டினால் சிரிக்க வேண்டும். ஹாரன் அடித்தால் லோங்காங்கில், அதாவது சாக்கடையில், இறங்க வேண்டும். டிரைவர் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினால், யோசிக்காமல் தேயிலைக்குள் பாய்ந்துவிட வேண்டும். கடைசி விதியை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் ஒரு கார்க்காரன். அதற்குக் கட்டணமாக இரண்டு முன்பற்களை வாங்கிக்கொண்டு போனான்.

ஆனால் சாக்கடையில் இறங்கி ஏறுவதற்கெல்லாம் இன்று நேரமில்லை.

"இன்னிக்கு ஒரு நாளு ரோடு எங்கப்பன் வூட்டுதுதான்டா" என்று சொல்லிவிட்டு நடுரோட்டில் மிதித்தார். மழை பிடித்துக்கொண்டது. பனியும் இறங்கிவிட்டது. ஈப்போ வண்டி வந்தால் பின்னாலிருந்துதான் வர வேண்டும். இதுவரை எதுவும் தாண்டவில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் கால் சுற்றியது.

வளைவில், எதிரே பனிக்குள் இரண்டு விளக்குகள் முளைத்தன. ஹாரன் இரண்டு முறை அடித்தது, சின்னதாக. நல்ல வளர்ப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். நகரவில்லை.

விளக்குகள் அவருக்கு முன்னால் வந்து நின்றேவிட்டன. இந்த ரோட்டில் அவருக்காக ஒரு வண்டி நின்றது இதுதான் முதல் தடவை. விளக்குக்குப் பின்னால் என்ன வண்டி என்று தெரியவில்லை. பனியோடு பனியாக எல்லாமே வெள்ளை.

"என்னடா? நான் லோங்காங்குல எறங்கணுமா? முடியாது! நீ ரிவர்ஸ் எடு! தானா ராத்தா வரைக்கும் ரிவர்ஸ்லயே போ!"

மறுபடியும் அதே இரண்டு சின்ன ஹாரன். பிறகு, 'டக்'கென்று கதவு திறக்கும் சத்தம்.

நெடுநெடுவென்று ஒருவன் இறங்கினான். கையை உயர்த்திக்கொண்டு ஓடி வந்தான். இராமையாவின் வாயில் மிச்சமிருந்த பற்கள் ஒன்றையொன்று கடைசியாகப் பார்த்துக்கொண்டன.

சட்டம் சட்டம்தான். சைக்கிளோடு தேயிலைக்குள் பாய்ந்தார்.

"அங்கிள்! அங்கிள்!" என்று குரல் துரத்தியது. பல்லை வாங்கியவனும் அங்கிள் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டுத்தான் குத்தினான்.

"வாடா, செடிக்குள்ள வா பாப்போம்!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினார். கொழுந்துக்காரர்கள் நடக்கும் சரிவுப் பாதையில் பாதி உருண்டும் பாதி ஓடியும் இறங்கினார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு டிரைவரை ஜெயித்துவிட்ட தெம்பு இருந்தது. ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்தபோது சிரிப்பே வந்துவிட்டது.

வார்டில் நர்ஸ் சாந்தினி இருந்தாள். பக்கத்து எஸ்டேட்டுப் பெண். சின்ன வயதிலிருந்து அவரைத் தெரியும்.

"என்ன அங்கிள், ஒடம்பெல்லாம் சேறு?"

"அத ஏம்மா கேக்கிற! வழியில ஒருத்தன் வண்டிய நிப்பாட்டி அடிக்க எறங்கினான். நான் யாரு? தேயிலக்குள்ள பூந்துட்டேன்ல. உங்க ஆண்டி எங்க? எழுந்து உக்காந்திருக்காளா?"

சாந்தினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எங்க வச்சு அங்கிள்?"

"அந்த மேல் வளைவுலதான். அவன் கெடக்கிறான் விடு. ரஞ்சிதம் எங்கம்மா?"

"அவங்களுக்கு ரொம்ப மோசமாயிடுச்சு அங்கிள். ஈப்போ வண்டிக்குக் காத்திருந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நம்ம ஆஸ்பத்திரி வண்டியிலயே அனுப்பிட்டோம். போய்ச் சேர்ற வரைக்கும்... சாமிதான்."

இராமையாவின் சிரிப்பு இன்னும் முகத்தில்தான் இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"போயிட்டாளா? நான் அந்த ரோட்டுலதானேம்மா வந்தேன்? சைரன் சத்தமே கேக்கலியே!"

சாந்தினி அவருடைய சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு சைக்கிள்ல வந்துட்டிருப்பாரு, சைரன் வேணாம், பயந்துக்குவாரு, ஹாரன் மட்டும் அடிச்சு நிப்பாட்டி ஏத்திக்குங்கன்னு ஆண்டிதான் சொன்னாங்க, அங்கிள்."