பாட்டிலில் விழுந்த வெளிச்சம்

"பாட்டில் எங்கேய்யா?"

"இதுதாங்கய்யா பாட்டில்."

புது இன்ஸ்பெக்டர் பிரம்பால் ஒரு தட்டுத் தட்டினார். 'ணங்' என்று கேட்க வேண்டியது 'பொத்' என்று கேட்டது. மரச்சட்டத்தில் அடித்த துணியில் வரைந்த படம் அது. அதில் முக்கால்வாசி நிறைந்த ஒரு பிராந்தி பாட்டில், ஒரு கண்ணாடித் தம்ளர், இரண்டு எலுமிச்சம்பழம்.

மதுரையில் மதுவிலக்கு வந்த புதிது. தெருவில் போன இன்ஸ்பெக்டர் திறந்த கதவு வழியே பாட்டிலைப் பார்த்துவிட்டு, கையும் களவுமாகப் பிடிக்க உள்ளே பாய்ந்திருந்தார்.

வீட்டுக்காரர் டிராயிங் மாஸ்டர் ஆசீர்வாதத்துக்குப் பயம்தான். ஆனாலும் மனசின் ஒரு மூலையில் சந்தோஷமாகத்தான் இருந்தது. இன்ஸ்பெக்டரே ஏமாந்திருக்கிறார்.

"படம் வரையறது குத்தமில்லை," என்றார் இன்ஸ்பெக்டர், முகத்தைச் சரிசெய்துகொண்டு. "எதைப் பார்த்து வரைஞ்சீர்?"

"மனசுல நெனைச்சு வரைஞ்சிருப்பாருங்கய்யா," என்றார் பின்னால் நின்ற ஏட்டு சோணைமுத்து.

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. 'பார்த்து வரை, நினைத்து வரையாதே' என்று பதினைந்து வருஷமாக வகுப்பில் கத்திக் கத்தித் தொண்டை கட்டினவர். இருந்தும் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இல்லாட்டி காலி பாட்டில்ல தேயிலைத் தண்ணிய ஊத்தி வச்சிருப்பாரு," என்றார் ஏட்டு.

இது பொறுக்கவில்லை. "தேயிலைத் தண்ணியா? அது வெளிச்சத்தை முழுங்கிரும் ஏட்டையா! பாட்டிலோட நிழலைப் பாருங்க. நிழலுக்கு நடுவுல தங்கத்தை உருக்கி விட்டாப்புல ஒரு வெளிச்சம் கிடக்கா? அசல் சரக்குக்குத்தான் அப்படி விழும்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. "அசல் சரக்கு. சரி. யார் வீட்டுச் சரக்கு?"

"அதை மட்டும் கேட்காதீங்கய்யா. ஊரெல்லாம் தேடினேன், ஒருத்தர்தான் மனசு இரங்கினார். அவர் பேரைச் சொல்ல மாட்டேன்னு சிலுவை மேல கை வச்சுச் சத்தியம் பண்ணிட்டுத்தான், அவர் வீட்ல மூணு நாள் உக்காந்து வரைஞ்சேன்."

"அப்ப ஆறு மாசம் ஜெயில்ல உக்காந்து வரையும்."

ஆறு மாதம். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆறு நாள்கூடப் பொறுக்க மாட்டார்கள், சீட்டைக் கிழித்துவிடுவார்கள். மனைவி பிலோமினாளும் மூன்று பெண்களும் எங்கே போவார்கள்? மாஸ்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"பிள்ளைகுட்டிக்காரருங்கய்யா," என்று குழைந்தார் ஏட்டு. "மாதா கோயில் சாமியார் பூசைக்கு வச்சிருக்கிற திராட்சை ரசமாக்கூட இருக்கும். அதுக்குத்தான் சர்க்கார் அனுமதி இருக்கே. பாவம், விட்ருவோம்."

இவ்வளவு இரக்கமுள்ள ஏட்டை இன்ஸ்பெக்டர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. படத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார்.

"பாட்டில் கழுத்துக்குக் கீழே வெள்ளையா இதென்ன?"

"ஜன்னல் வெளிச்சங்கய்யா. கண்ணாடியில எதிர்ல இருக்கிறது அம்புட்டும் விழும்ல?"

"பக்கத்துல மஞ்சளா ஒரு பொட்டு?"

"எலுமிச்சம்பழச் சாயம் தெறிச்சிருக்குங்கய்யா!" ஏட்டு பாய்ந்து வந்து கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "இந்தா, துடைச்சிர்றேன்."

"கையை எடுங்க!"

மாஸ்டர் போட்ட சத்தத்தில் ஏட்டின் விரல் பாதி வழியில் நின்றது. ஒரு பகல் முழுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டே மயிர் உள்ள தூரிகையால் வைத்த பொட்டு அது. அதை எச்சில் தொட்டு அழிப்பதாவது! ஜெயிலாவது ஒன்றாவது என்று அலமாரியிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"நான் வாயைத் திறந்து யார் பேரையும் சொல்லலைங்கய்யா. எதிர்ல இருந்ததை வரைஞ்சிருக்கேன், அம்புட்டுத்தான்."

இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஜன்னல். ஜன்னலை ஒட்டிச் சுவரில் ஓர் ஆணி. ஆணியில் தொங்கும் போலீஸ் பெல்ட். பெல்ட்டின் பித்தளை வில்லையில் நம்பர்.

"நாலு, ரெண்டு, ஏழு. எழுத்தெல்லாம் இடம் வலமா மாறியிருக்கே?"

"கண்ணாடியில அப்படித்தாங்கய்யா விழும். திருப்பிப் படிங்க."

"ஏழு, ரெண்டு, நாலு," என்று நிதானமாகப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தபோது, ஏட்டு சோணைமுத்து இரண்டு கைகளாலும் தம் பெல்ட் வில்லையைப் பொத்திக்கொண்டு நின்றார்.