ராணிப் பாடம்

“சுட்டாங்கன்னு சொல்லாதீங்கம்மா! தலையை வெட்டினாங்க! எத்தனை தடவை சொல்றது?”

சூசைநாதன் மேசையில் தட்டிய தட்டில் காப்பிக் கோப்பை ஒருமுறை துள்ளி உட்கார்ந்தது. எதிரே இருந்த கலாவதி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

“சரி மிசியே. என்ரை மனுசனை வெட்டினது எண்டே சொல்லுறன்.”

அகதி மனு கொடுத்துப் பாரிஸில் தங்கியிருக்கும் அவளுக்கு நாளைக் காலை ஒன்பதரைக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை நேர்முகம். போன முறை, பிரெஞ்சுப் புரட்சியில் உயிரைவிட்ட ராணி யார் என்று கேட்டதற்கு இங்கிலாந்து ராணியின் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு வருடம் தள்ளிப்போட்டுவிட்டார்கள். இந்த முறையும் கோட்டைவிட்டால் பாஸ்போர்ட்டை மறந்துவிட வேண்டியதுதான். அது கிடைத்தால் ஊருக்குப் போய் ஓர் ஆளைத் தேட வேண்டும் என்று மட்டும் ஒருநாள் சொல்லியிருந்தாள். யாரை என்று அவர் கேட்டதில்லை.

சூசைநாதன் புதுச்சேரிக்காரர். பாரிஸில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரூ காய் என்ற தெருவில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் ஞாயிறுதோறும் இலவசமாகப் பாடம் நடத்துகிறார். இதுவரை பதினொரு பேரைக் கரையேற்றியிருக்கிறார். பன்னிரண்டாவது ஆள் இப்படி வந்து வாய்க்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

அவரிடம் ஒரு வித்தை இருந்தது. சரித்திரத்தை ‘நான்’, ‘என்னை’ என்று சொந்தக் கதைபோலச் சொல்லிப் பழகினால் மறக்காது. அப்படி லூயி மன்னனாகவே மாறித் தேறிய சமையல்காரர்கூட உண்டு. கலாவதியிடம்தான் அந்த வித்தை பலிப்பதாக இல்லை.

“மறுபடி முதல்லேருந்து. நான்தான் அதிகாரி.” மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “போன்ழூர் மதாம், உக்காருங்க, உங்களைப் பத்திச் சொல்லுங்க, அப்புறம் மரி அந்துவானெத் ராணியைப் பத்திச் சொல்லுங்க” என்று ஒரே மூச்சில் ஒப்பித்து முடித்தார். “ம், ஆரம்பிங்க. முதல்ல தமிழ்லயே வரட்டும்.”

“பதினெட்டு வயசிலை என்னைக் கட்டிக் குடுத்தவை. தெரியாத ஊர், தெரியாத சனம்...”

“பதினாலு!”

“பதினாலு எண்டால் பிழையா நினைக்கமாட்டினமோ, மிசியே?”

“அவங்க புத்தகத்துலயே அப்படித்தாம்மா இருக்கு! அவங்க எதுக்குத் தப்பா நினைக்கப்போறாங்க?”

கலாவதி தலையாட்டினாள். “பதினாலு. அம்மாவைப் பிறகு நான் கண்ணாலை காணேல்லை. பிரச்சினை முத்தினாப் பிறகு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு இரவோடை இரவா வெளிக்கிட்டம். வழியிலை பிடிச்சுப்போட்டினம்.”

சூசைநாதனுக்கு உயிர் திரும்பி வந்தது. மாறுவேடத்தில் தப்பிய ராணியின் வண்டியை வரேன் என்ற ஊரில் மறித்துப் பிடித்த கட்டம் அல்லவா இது? ஆறு மாதம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதற்குப் பலன் கிடைக்காமல் போகவில்லை.

“சபாஷ்! மேலே சொல்லுங்க.”

“கொண்டுபோய் அடைச்சு வைச்சினம். என்ரை தலைமயிர் முழுக்க நரைச்சுப்போச்சு. மே மாசம் இவரைச் சு... வெட்டிப்போட்டினம்.”

“மே இல்லைம்மா, ஜனவரி! ஜனவரி இருபத்தொண்ணு!”

“ஜனவரி எண்டால்தான் எடுபடுமோ?”

“அதுதாம்மா சரியான பதில்!”

“அப்ப ஜனவரி. முந்தி எழுதித் தந்த அண்ணையும் இப்பிடித்தான் மாசத்தை மாத்தினவர்.”

யாரோ ஓர் அரைகுறை வாத்தியார் இவளுக்கு ஏற்கெனவே தப்புத் தப்பாகப் பாடம் சொல்லிக் கொடுத்துக் கெடுத்திருக்கிறான். சூசைநாதன் பல்லைக் கடித்துக்கொண்டார். தமிழர்கள் நிறைந்த இந்த லா சப்பல் வட்டாரத்தில் இப்படி எத்தனை பேர் கிளம்பியிருக்கிறார்களோ! வெளியே மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் தடதடத்துப் போகும்வரை காத்திருந்து, தொடரும்படி கையைக் காட்டினார்.

“அதுக்குப் பிறகு மகனை என்ரை கையிலையிருந்து பறிச்சுக்கொண்டு போட்டினம். அவனுக்குப் பதினாறு வயசு.”

“எட்டு!”

“பதினாறு, மிசியே.”

சூசைநாதன் எழுந்துபோய்க் கரும்பலகையில் எட்டு என்ற எண்ணை ஆளுயரத்துக்கு எழுதினார். சுண்ணக்கட்டி இரண்டாக உடைந்தது. “எட்டு வயசுப் புள்ளம்மா அது! தாய்கிட்டேருந்து பிடுங்கிட்டுப் போனாங்க. இந்த இடத்துலதான் கேக்கறவன் மனசு உருகும். எங்கே, சொல்லுங்க பார்ப்போம்.”

“பதினாறு.”

இத்தனை நேரமும் சொன்னதற்கெல்லாம் குனிந்த தலை இப்போது குனியவில்லை. சூசைநாதனுக்கு அழுகை வராத குறை. ஆறு மாதப் பாடமும் பதினொரு பேரால் சேர்த்த நல்ல பெயரும் ஒரே எண்ணில் போய்விடும் போலிருந்தது.

“வயசை மாத்தினேன், மாத்திக்கிட்டீங்க. மாசத்தை மாத்தினேன், மாத்திக்கிட்டீங்க. புருஷனைச் சுட்டதைக்கூட வெட்டினதா ஒத்துக்கிட்டீங்க. இந்த ஒண்ணுல மட்டும் ஏம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கறீங்க? அந்த ராணியோட மகனுக்கு எட்டு வயசுதாம்மா!”

கலாவதி கைப்பையை மடியோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ஓம், ராணியின்ரை மகனுக்கு எட்டுத்தான், மிசியே. நான் இன்னும் என்னைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறன்.”